ஓடிக்கொண்டே நின்ற வண்டிகள்

ஆட்டையாம்பட்டியிலிருந்து சரிதா முதல் தடவை கூப்பிட்டபோது சுகன்யா தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சரிதா அவளுடைய அண்ணி. காலை வேளையில் தறியை நிறுத்திவிட்டுப் போன் பேசுகிற ஆள் இல்லை. அதனால் அடுப்பைத் தணித்துவிட்டு எடுத்தாள்.

அண்ணன் மணிமாறன் போனை எடுக்கவில்லையாம். மணி முழுசாக அடித்து ஓய்கிறதாம், எடுக்கத்தான் ஆளில்லையாம். லாரியில் போகிறவன் எந்த ஊரில் விடிந்தாலும் முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டு, மகள் எழுந்துவிட்டாளா என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிப்பான். இத்தனை வருஷத்தில் அது தவறியதில்லை. இன்றைக்குத் தவறிவிட்டது.

இருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று சுகன்யா போனிலேயே பலகையைத் திறந்தாள்.

பலகை என்றால் நாமக்கல்லில் வேலுமணியின் லாரி ஆபீஸுக்கு அவள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் நிரல். ஒவ்வொரு வண்டியிலும் கையகலப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் அது, தான் இருக்கும் இடத்தை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை எழுதி வைத்துக்கொண்டு வரைபடத்தில் காட்டும். ஓடுகிற வண்டி பச்சைப் புள்ளி, பக்கத்தில் அதன் வேகம். நிற்கிற வண்டி சிவப்பு. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடிப் போர்ஷனில் உட்கார்ந்து சுகன்யா தனியாளாகச் செய்து முடித்த வேலை அது. மணிமாறன் அந்த ஆபீஸ் டிரைவர். அவன்தான் முதலாளியிடம், என் தங்கச்சி கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி என்று சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தான்.

அண்ணன் வண்டி கிருஷ்ணகிரியில் சாலையோரம் சிவப்பாக நின்றது. சுகன்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கும்பகர்ணன். என்ஜினை அணைத்துவிட்டுச் சுகமாகத் தூங்குகிறான், எழுந்ததும் கூப்பிடுவான், நீங்கள் நிம்மதியாகத் தறியைப் பாருங்கள் என்றாள்.

சரிதா உடனே போனை வைக்கவில்லை. நேற்று இரவு பேசும்போது ஏதோ ஓட்டலில் ரொட்டி தின்றதாகவும் குளிர் அடிப்பதாகவும் சொன்னாரே, அதற்குள் ரொம்ப தூரம் போயிருப்பார் என்று நினைத்தேனே என்று இழுத்தாள். கிருஷ்ணகிரியில் ரொட்டி கிடைக்காதா என்ன என்று சுகன்யா அதையும் சிரித்தே தள்ளிவிட்டாள். படித்த நாத்தனார் சொல்கிறாள், படத்தைப் பார்த்துச் சொல்கிறாள். அதற்கு மேல் என்ன பேசுவது? சரிதா போனை வைத்துவிட்டுத் தறிக்குப் போனாள்.

சுகன்யா பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். பாழாய்ப் போன அந்தப் புள்ளி அப்படித்தான் காட்டியது.

சரிதா மறுபடி கூப்பிட்டபோது வெயில் ஏறியிருந்தது. இன்னும் எடுக்கவில்லை என்றாள். குரலில் அழுகை இல்லை. ஆனால் அழுகைக்கு முன்னால் வருகிற ஒரு சமாதானம் இருந்தது. தூங்கினாலும் இவ்வளவு நேரமா என்று கேட்டுவிட்டு, அவளே இருக்கும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சுகன்யா தானும் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அடித்து ஓய்ந்தது. இன்னொரு தரம். அதுவும் ஓய்ந்தது. பலகையில் சிவப்புப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. புனாவுக்கு ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நேற்றே கிளம்பியவன் இன்னும் கிருஷ்ணகிரியில் என்ன செய்கிறான் என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாக வந்தது.

லாரி ஆபீஸுக்குப் போன் போட்டாள். மேனேஜர் நவநீதகிருஷ்ணன் எடுத்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். சுகன்யாவை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். மணிமாறன் ஆபீஸுக்கும் கூப்பிடவில்லை என்றார். ஆனால் பலகையில் கிருஷ்ணகிரி என்று காட்டுகிறதே, அப்புறம் என்ன கவலை, பையன் அசந்து தூங்குவான் என்று அவளுடைய சொல்லையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குப் புது வண்டி ஒன்று பட்டறையிலிருந்து வருகிறதாம். முதலாளி அதற்காகத் திருச்செங்கோடு போயிருக்கிறாராம். பேசிக்கொண்டே இருந்தவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே வாசல் பக்கம் யாரிடமோ, மேட்டூர் வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

சுகன்யாவின் கண் பலகையில் இருந்தது. மேட்டூர் வண்டி மேட்டூரில்தான் இருந்தது. அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றிக்கொண்டு கிளம்பி, பச்சையாக, அணைப் பக்கத்துச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்த மேட்டூர் வண்டிண்ணா?"

"நம்ம சாம்பல் வண்டிதானுங்க அம்மிணி. இதா, வாசல்ல நிக்குதுங்களே."

சுகன்யா பலகையைப் புதுப்பித்தாள். மேட்டூர் வண்டி அதே சாலையில், அதே வளைவில், நாற்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. மறுபடி புதுப்பித்தாள். அதே வளைவு, அதே நாற்பத்தாறு. தர்மபுரிப் பக்கம் ஒரு வண்டி, கரூர்ப் பக்கம் ஒரு வண்டி, ஓசூர் ஏற்றத்தில் ஒன்று. எல்லாம் பச்சையாக ஓடிக்கொண்டே நின்றன. எத்தனை நேரமாக இப்படி நிற்கின்றன என்று பார்க்கவும் வழியில்லை. புள்ளிக்குப் பக்கத்தில், இது எப்போது வந்த தகவல் என்று அவள் நேரம் போடவில்லை. படம் நெரிசலாகிவிடும், பார்க்க லட்சணமாக இருக்காது என்று அவளே வேண்டாம் என்று விட்டிருந்தாள். லட்சணம் கெட்டது போ என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் கிருஷ்ணகிரியில் இல்லை. இருந்தது எப்போதோ. இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. போனில் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. காலையிலிருந்து அண்ணியை நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்த வாய்தான். போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டாள்.

முதலில், கடைசியாக எந்த டோல்கேட்டைக் கடந்தான் என்ற செய்தி வந்திருக்குமே என்று கேட்டாள். அது முதலாளி போனுக்குத்தான் வரும். முதலாளி அங்கே வண்டிப் பூஜையில் இருக்கிறார், போன் அணைந்திருக்கிறது என்றார் நவநீதகிருஷ்ணன். ஆகக்கூடி மிச்சம் இருந்தது பலகை ஒன்றுதான். அதை ஓட வைக்க வேண்டும். கம்ப்யூட்டரோ நாமக்கல்லில் இருக்கிறது. வெளியாள் உள்ளே நுழைகிற வழியெல்லாம் வேண்டாம் என்று வேலுமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சேலத்தில் இருந்துகொண்டு அவளால் படத்தைப் பார்க்கத்தான் முடியும், எதையும் தொட முடியாது. கிளம்பிப் போகலாம் என்றால் பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் என்னென்னவோ ஆகிவிடும். நவநீதகிருஷ்ணனின் கையை வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

நிரலை நிறுத்திவிட்டு மறுபடி ஓட விடச் சொன்னாள். செய்தார். புள்ளிகள் நகரவில்லை. பிழைகளை எழுதி வைக்கிற கோப்பு ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து கடைசி வரியைப் படியுங்கள் என்றாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். டேட்டாபேஸ் இஸ் லாக்டு. அதற்கு மேலே உள்ள வரியும் அதுதான். அதற்கு மேலேயும் அதுதான். பக்கம் பக்கமாக அதேதான் இருக்கிறது என்றார். பூட்டிக் கிடக்கிறது என்றால் யார் பூட்டியது, சத்தியமாக நாங்கள் யாரும் எதையும் பூட்டவில்லை என்று பயந்துபோய்ச் சொன்னார்.

சுகன்யாவுக்கு இப்போது பாதி புரிந்தது. பெரிய கம்பெனிகளில் தகவல் சேமிக்க என்றே தனிக் கம்ப்யூட்டரும் தனி ஆளும் வைத்திருப்பார்கள். ஒரு லாரி ஆபீஸுக்கு அத்தனை ஆடம்பரம் எதற்கு என்று அவள் நிரலுக்குள்ளேயே குடியிருக்கிற சின்ன எஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் போட்டிருந்தாள். மொத்தமும் ஒரே ஒரு கோப்பு. சொன்ன வேலையைச் செய்யும், சண்டித்தனம் கிடையாது. ஒரு கட்டுப்பாடுதான். படிக்க எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் வரலாம், எழுத ஒருவருக்குத்தான் இடம். ஒரே குளியலறை இருக்கிற வீடு மாதிரி. ஒருவர் உள்ளே போய்த் தாழ் போட்டால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். யாரோ எழுதப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெளியே வரவே இல்லை. வண்டிகள் அனுப்புகிற தகவல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பலகைக்குப் படிக்கிற வேலை மட்டும்தான் என்பதால், அது பழசையே அலுக்காமல் காட்டிக்கொண்டிருக்கிறது.

தாழ் போட்டது யார்? அவளுடைய நிரல் இல்லை, அதைத்தான் இப்போது நிறுத்தி ஓட விட்டாயிற்றே. வேறு ஏதோ ஒன்று. நின்று நிதானமாகத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. கம்ப்யூட்டரையே அணைத்துப் போடுங்கள் அண்ணா, எதுவாக இருந்தாலும் விட்டுவிடும் என்றாள்.



கம்ப்யூட்டரை மட்டும் அணைக்க முடியாதுங்களே என்றார் நவநீதகிருஷ்ணன். முதலாளி வருகிற வரைக்கும் அதைத் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டாள். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டு அவளுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை.

நேற்று மத்தியானம் புது வண்டியின் எண் கிடைத்துவிட்டது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். புது வண்டி சேர்க்கத் தனித் திரை ஒன்றைச் சுகன்யா இன்னும் செய்து கொடுக்கவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கிற சின்னக் கருவி ஒன்றை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு, இந்த இடத்தில் எண்ணை அடியுங்கள், அப்புறம் சேமியுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். நவநீதகிருஷ்ணன் அப்படியே எண், டிரைவர் பெயர், எல்லாம் பிழையில்லாமல் அடித்தார். சேமிக்கிற பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனபோதுதான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, ராகு காலம் வேறு. கையை எடுத்துவிட்டார். முதலாளியைக் கேட்டதற்கு, அப்படியே இருக்கட்டும், நாளைக்குப் புதன்கிழமை நல்ல நேரத்தில் நானே வந்து சூடம் காட்டி என் கையால் அமுக்குகிறேன் என்றாராம். காலையில் வந்திருக்க வேண்டியவர். பட்டறையில் வேலை இழுத்ததால் சாயங்கால நல்ல நேரத்துக்குத் தள்ளிவிட்டார். அந்தச் சன்னல் நேற்றிலிருந்து திறந்தபடி காத்திருக்கிறது. யாரும் தொட்டுவிடக் கூடாது என்று கீபோர்டு மேல் மஞ்சள் துணி போட்டு மூடிவைத்திருந்தாராம். பலகை வேண்டும்போது சுட்டியை மட்டும் துணிக்கு வெளியே இழுத்துக்கொள்வாராம். இப்போது அவள் சொன்னதற்கும் அப்படியேதான் செய்தாராம்.

அடித்துவிட்டுச் சேமிக்காமல் விட்டதுதான் தாழ். நேற்று மத்தியானத்திலிருந்து.

"நீங்கதானுங்க அம்மிணி சொன்னீங்க, என்ன வேணா அடிங்க, சேமிக்கிற வரைக்கும் ஒண்ணுமே ஆகாதுன்னு."

சொன்னாள். சொன்னது அவள்தான். தப்பாக அடித்துவிடுவோமோ என்று பயந்த மனிதருக்குத் தைரியம் கொடுக்கச் சொன்னாள். அவர் அதை அட்சரம் பிசகாமல் நம்பினார். நிரலும் தன் பங்குக்கு, பூட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, யாரும் திறக்காத ஒரு கோப்பில் கிறுக்கிவிட்டு நகர்ந்துவிட்டது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படி எழுதியதும் அவள்தான். சொந்தக் கையால் வைத்த வினைக்கு அடுத்தவரை ஏசி என்ன பிரயோஜனம்?

சரி, அந்தச் சன்னலை மூடுங்கள், சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள், சாயங்காலம் முதலாளி புதிதாக அடித்துக்கொள்ளட்டும் என்றாள். எவ்வளவு சுலபமான வழி. நல்ல நேரம் பார்க்காமல் எதையும் பதிய வேண்டாம், பழுதும் இல்லை. ஆனால் நவநீதகிருஷ்ணன் அதற்கும் மசியவில்லை.

"போட்டத அழிக்கச் சொல்றீங்களா அம்மிணி? போன வண்டிக்கு அவசரப்பட்டு எமகண்டத்துல பேரப் போட்டோமுங்க. மொத லோடுலயே தொப்பூர்ல பொரண்டுது. வண்டி போனாப் போச்சுங்க, பையன் போயிட்டானுங்க. நான்தான் அவன ஊட்டுக்குக் கொண்டுபோனேன். இந்த வண்டில போறவனும் ஒருத்தி ஊட்டுக்காரந்தானுங்களே."

இதை மூடநம்பிக்கை என்று சொல்லி மடக்க அவளுக்கு வாய் வரவில்லை. மேஜை மேல் போன் சரிதாவின் பெயரைக் காட்டி அதிர்ந்தது. எடுத்தால் என்ன சொல்வது? அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மனிதருக்கு இன்னும் புரியவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. அவர் மனசில் மணிமாறன் இன்னும் கிருஷ்ணகிரியில்தான் தூங்குகிறான். காலையில் தான் சொன்னது அவர் தலைக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் பிடுங்க வேண்டும்.

"அண்ணா, எங்கண்ணன் கிருஷ்ணகிரில இல்ல. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. காலைல இருந்து தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டிருந்தேன். எனக்குத் தெரியாதுண்ணா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. நவநீதகிருஷ்ணன் உட்கார்ந்தார் போலிருக்கிறது. முருகா என்று மெதுவாகச் சொன்னார்.

"அழிக்க மாட்டேனுங்க. பதிஞ்சர்றேன். வர்ற பழி எந்தலையோட போவட்டும்."

துணியை உதறி எடுக்கிற சத்தம். ஒரு சொடுக்கு.

சுகன்யா பலகையைப் புதுப்பித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டிகள் அடுத்த தடவை பேசும்வரை பொறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி புதுப்பித்தாள். மேட்டூர் வண்டி ஒரே தாவாகத் தாவி நாமக்கல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. கரூர்ப் புள்ளி திண்டுக்கல்லைத் தாண்டிக் குதித்தது. தர்மபுரி வண்டி ஆந்திராவுக்குள் போய் விழுந்தது. ஒவ்வொன்றாக எல்லாம் தங்கள் தங்கள் இடத்துக்குப் போயின. அண்ணன் வண்டி மட்டும் கிருஷ்ணகிரியில் அசையாமல் இருந்தது. பெட்டியே செத்துவிட்டதா? வண்டியே... அதற்கு மேல் நினைக்காமல் இருக்க வாயில் சேலைத் தலைப்பை வைத்துக் கடித்துக்கொண்டாள்.

பிறகு அதுவும் போயிற்று. கிருஷ்ணகிரியில் சிவப்பு மறைந்து, கர்நாடகத்துக்குள்ளே வெகுதூரம் மேலே, தாவணகெரே தாண்டி, ஹரிஹர் பக்கத்து நெடுஞ்சாலையோரம் சிவப்பு ஒன்று முளைத்தது. என்ஜின் அணைந்திருக்கிறது. நிற்கிறது.

எப்போதிருந்து நிற்கிறது? இப்போதுதான் நின்றதா, விடிந்ததிலிருந்தா? அது தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். தெரிய வழியில்லை. பெட்டி தகவல் அனுப்பியதும், வந்து சேர்ந்தது என்று அவளுடைய நிரல் முதலில் பதில் சொல்லிவிடும், அப்புறம்தான் எழுதப் போகும். பதில் கிடைத்த பெட்டி தன்னிடம் இருப்பதை அழித்துவிடும். எழுதி முடித்துவிட்டு அல்லவா வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்? ஒரு ராத்திரியும் ஒரு காலையும் அப்படியே காற்றில் போய்விட்டன. ஒருவேளை உண்மையிலேயே டீ குடிக்க நிறுத்தியிருக்கலாம் என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. இன்னொரு தடவை அந்த மாதிரி எண்ணத்தை நம்புவதாக இல்லை என்று அதை அடித்து விரட்டினாள்.

ராணிபென்னூர்ப் பக்கம் பச்சையாக ஒரு புள்ளி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதே ஆபீஸ் வண்டி, குருமூர்த்தி என்கிற டிரைவர், ஹூப்ளியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்புகிறான். அண்ணன் நிற்கிற இடத்தை எப்படியும் கடந்துதான் வர வேண்டும். சாலையின் இந்தப் பக்கமாக வருகிறவன் அந்தப் பக்கம் நிற்கிற வண்டியைக் கவனிக்காமலே போய்விடுவான். சுகன்யா சொல்லச் சொல்ல, நவநீதகிருஷ்ணன் இன்னொரு போனில் குருமூர்த்தியைப் பிடித்தார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தே சாலையைக் கடந்து போய்ப் பார், பார்த்துவிட்டு நேராக எனக்குக் கூப்பிடு என்றார்.

குருமூர்த்தி போய்ச் சேருவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. சுகன்யா அண்ணியைக் கூப்பிட்டாள். தறிச் சத்தத்துக்கு நடுவில் சரிதாவின் குரல் வந்தது, எழுந்துட்டாரா என்று. அந்த ஒரு வார்த்தை போதும், ஆளைக் கொல்ல. காலையில் தான் சொன்ன கிருஷ்ணகிரி நேற்று மத்தியானத்துக் கிருஷ்ணகிரி என்றும், அதற்குப் பிறகு பலகை எதையுமே காட்டவில்லை என்றும், அது தெரியாமல் உங்களைத் தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டேன் என்றும், வண்டி இப்போது கர்நாடகத்தில் நிற்கிறது, அவன் எப்படி இருக்கிறான் என்று தெரியவில்லை, ஆள் போயிருக்கிறது என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். தறிச் சத்தம் நின்றது. சரிதாதான் நிறுத்தியிருப்பாள்.

"நான் சொன்னேனே சுகா, ரொட்டி தின்னேன்னாருன்னு."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நவநீதகிருஷ்ணன் கூப்பிட்டார். உயிர் இருக்கிறது என்பதை முதலில் சொன்னார், புண்ணியவான். வண்டிக்கு மறுபக்கம், புல்லும் சாக்கடையுமாக இருந்த இடத்தில், சக்கரத்து நிழலில் மணிமாறன் கிடந்தானாம். காலையில் தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறது என்று லோடு மேலே ஏறியிருக்கிறான். பனியில் கால் வழுக்கிவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்து, ஊர்ந்து நிழலுக்கு வந்ததோடு சரி. போன் மேலே கேபினில். நாக்கு வறண்டு, உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பாதி நினைவில் இருந்தானாம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. குருமூர்த்தி தண்ணீர் கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றித் தாவணகெரே ஆஸ்பத்திரிக்குக் கூடவே போகிறான் என்றார்.

சுகன்யா வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்குப் போய்ச் சரிதாவை ஏற்றிக்கொண்டாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாற்றுத்துணி இரண்டை ஒரு பையில் திணித்துக்கொண்டு சரிதா வாசலிலேயே நின்றிருந்தாள். காரில் ஏறியதும் சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பா பயமா என்று தெரியவில்லை. சுகன்யாவும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் ஏறும்போது குருமூர்த்தியின் போனிலிருந்து அழைப்பு வந்தது. மாவுக்கட்டு போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசட்டும் என்று டாக்டர் விட்டிருக்கிறாராம்.

சரிதா பேசினாள். பேசினாள் என்று பேர்தான், ம் ம் என்று அழுதுகொண்டே கேட்டாள். பிறகு போனைச் சுகன்யாவிடம் நீட்டினாள்.

அண்ணன் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. நீங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் மேலே மணி அடித்தது காதில் விழுந்தது என்றான். எட்டவில்லையாம். சுகன்யாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. சாலை அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறதே, ஆள் நடமாட்டமே இல்லையா, ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டாள்.

"ஆள் போனாங்க பாப்பா. ஆட்டுக்காரன் ஒருத்தன், டிராக்டர் ஒண்ணு. கத்துனா தொடை விண்ணுனு தெறிக்குது. எதுக்குக் கத்தணும்னு விட்டுட்டேன். வண்டி இவ்ளோ நேரம் ஒரே எடத்துல நின்னா எந்தங்கச்சி பாத்துருவா, ஆள் அனுப்புவான்னு கம்முனு படுத்திருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ பாத்துட்டுத்தான இருந்த?"

சரிதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டுத்தாண்ணா இருந்தேன்" என்றாள் சுகன்யா.